ஒரு பென்னியும் பதினோரு வாசல்களும்

கட்டடக் கடனைப் பற்றிப் பேசக் கூடுகிற சபைக் கூட்டம் எதுவானாலும் முடிவு அநேகமாக ஒன்றுதான்: இருக்கிறவர்கள் தாராளமாய்க் கொடுங்கள், இல்லாதவர்கள் ஜெபம் பண்ணுங்கள். 1742 பிப்ரவரி 15 அன்று இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிரிஸ்டலில் கூடிய கூட்டம் அப்படி முடியவில்லை. அன்று எழுந்து நின்ற ஒருவர் சொன்ன யோசனையிலிருந்து 'வகுப்பு' என்ற ஏற்பாடு பிறந்தது. சபையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுவில் சேர்த்து, அந்தப் பன்னிரண்டு பேருக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான் அது. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கம் கலைந்துபோகாமல் நூறாண்டுகள் நின்றதற்கு அவருடைய பிரசங்கங்களைவிட இந்த வகுப்புகளே பெரிய காரணம் என்று சொல்லலாம்.

அதன் பிறப்புக்குப் பின்னால் தரிசனம் எதுவும் கிடையாது. கொடுத்துத் தீராத கூலி பாக்கி இருந்தது.

வெஸ்லி இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர். ஆக்ஸ்போர்டில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு கூப்பிட்டதால் 1739-ல் பிரிஸ்டலுக்கு வந்தார். ஏப்ரல் 2 அன்று, நகர எல்லையில் செங்கல் அறுக்கிற மேட்டில் நின்று முதன்முறையாகத் திறந்த வெளியில் பிரசங்கித்தார். பக்கத்தில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கம். கோயில் வாசலை மிதிக்காத சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கேட்டார்கள். கேட்டவர்களில் ஊன்றி நின்றவர்கள் நிக்கலஸ் தெருவிலும் பால்ட்வின் தெருவிலும் இருந்த இரண்டு சிறு சங்கங்களில் சேர, இடம் போதவில்லை. ஹார்ஸ்ஃபேர் பகுதியில் ஒரு மனை வாங்கி, மே 12 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 'நியூ ரூம்' என்று பெயர் வைத்த அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. மெதடிஸ்ட் கட்டடங்களில் உலகத்திலேயே பழையது அதுதான்.

செலவுக்கு என்ன வழி? வெஸ்லி முதலில் பதினோரு பேரைத் தர்மகர்த்தாக்களாக நியமித்தார். கட்டடம் அவர்கள் பெயரில் இருக்கும், செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. இரண்டும் கோணலாகிப் போயின. கட்டடம் அவர்கள் கையில் இருந்தால், பிரசங்கம் பிடிக்காத அன்றைக்கு உங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள் என்று லண்டனிலிருந்து விட்ஃபீல்டு எச்சரித்தார். பணமோ வரவே இல்லை. இரண்டு சங்கத்தாரும் எழுதிக் கொடுத்த தொகை மொத்தச் செலவில் கால்வாசிகூடத் தேறவில்லை. வெஸ்லி பதினோரு பேரையும் கூப்பிட்டுப் பழைய ஏற்பாட்டை ரத்து செய்து, பொறுப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். வேலையாட்களுக்குக் கூலி கொடுத்த வகையிலேயே அவருக்குச் சீக்கிரம் 150 பவுண்டுக்கு மேல் கடன் ஏறியது. அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அதாவது 36,000 பென்னிக்கு மேல் கடன், கையில் பணமில்லாத ஒரு குருவானவர் தலையில்.

தர்மகர்த்தாக்கள் பதினோரு பேர் கையில் கட்டடத்தைக் கொடுத்த ஏற்பாடு இப்படித் தோற்றது. அதைச் சரிக்கட்ட வந்த ஏற்பாட்டிலும் பதினோரு பேர் உண்டு. ஆனால் அவர்கள் சங்கத்திலேயே பரம ஏழைகள்.

பென்னி வசூல் வெஸ்லியின் மனிதர்களுக்குப் புதிதல்ல. 1741 மே 7 அன்று லண்டன் சங்கத்தாரிடம் அவர் பச்சையாகவே பேசினார்: நம்மிடையே பலருக்குச் சாப்பாடில்லை, உடுத்தத் துணியில்லை, வேலையில்லை, நோயில் கிடக்கிறார்கள், நம்மால் எல்லாருடைய குறையையும் தீர்க்க முடியவில்லை. ஆகவே மிச்சமான துணியைக் கொண்டு வாருங்கள், முடிந்தவர்கள் வாரம் ஒரு பென்னி போடுங்கள் என்று கேட்டார். வேலையில்லாத பெண்களுக்குப் பின்னல் வேலை கொடுத்து, வழக்கமான கூலியும் மேலே தேவைக்கு ஏற்றபடி உதவியும் தர ஏற்பாடானது. பன்னிரண்டு பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தங்கள் பகுதி நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். பென்னியும் வீடு தேடிப் போவதும் அங்கேயே இருந்தன. இரண்டையும் ஒரே ஆளின் கையில் சேர்த்துக் கட்டுவதுதான் பாக்கி.

அதைச் செய்தது பிரிஸ்டல் கூட்டம். கடனை எப்படி அடைப்பது என்று பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் எழுந்தார். கேப்டன் ஃபாய் என்று மெதடிஸ்ட் வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. கடன் தீரும்வரை சங்கத்தில் இருக்கிற எல்லாரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாமே என்றார். உடனே ஆட்சேபம் வந்தது: நம்மில் பலர் ஏழைகள், ஒரு பென்னிக்கும் வழியில்லாதவர்கள். ஆட்சேபித்தவர் சொன்னது நியாயம்தான். சாதாரணக் கூட்டமாயிருந்தால் யோசனை அத்தோடு விழுந்திருக்கும். அல்லது ஏழைகளுக்கு விலக்கு என்று தீர்மானம் எழுதி, அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

ஃபாய் வேறு பதில் வைத்திருந்தார். அப்படியானால் மிகவும் ஏழைகளாக இருக்கிற பதினோரு பேரை என்னிடம் விடுங்கள். வாரா வாரம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கொடுக்க முடிந்தால் வாங்கிக்கொள்கிறேன். முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே போடுகிறேன். நீங்களும் ஆளுக்குப் பதினோரு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். போய்ப் பாருங்கள், கொடுப்பதை வாங்குங்கள், குறைவதை நீங்கள் போடுங்கள். அவர் பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

நம் ஊரில் வாரத் தண்டல்காரர் வருகிற நேரம் தெரிந்தால் வீட்டில் ஆள் இல்லாததுபோல் இருந்துவிடுவார்கள். ஃபாய் சொன்ன தண்டலில், வாசலில் வந்து நிற்கிறவருக்குத்தான் கஷ்டம். கணக்கில் துண்டு விழுந்தால் அவர் பையிலிருந்து போக வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வசூல். விதி இருந்ததால் ஒரு விசித்திரம் நடந்தது. கொடுக்க முடியாதவர் பெயரும் பட்டியலில் இருந்தது, பென்னியும் அவர் கணக்கில் ஏறியது. ஏழை என்பதால் ஒருவர் விலக்கப்படவும் இல்லை, ஏழை என்று எழுதிவைக்கப்படவும் இல்லை.

சங்கத்தைச் சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் வசூலித்து வாரா வாரம் பொருளாளரிடம் கட்டினார். அதுவரை கதை கணக்குப் புத்தகத்துக்குள்தான் இருந்தது.

வசூலுக்குப் போன ஒருவர் திரும்பி வந்து வெஸ்லியிடம் பணத்தோடு ஒரு சேதியும் சொன்னார்: இன்னார் வீட்டுக்குப் போனேன், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவரோ குடித்திருந்தவரைப் பார்த்து வந்தார். பிரசங்க மேடையிலிருந்து பார்த்தால் எல்லா முகமும் பக்தியாகவே தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த முகம் வீட்டில் எப்படி இருக்கிறது என்பது வாசலுக்குப் போனவருக்குத்தான் தெரியும். பெருகிவிட்ட கூட்டத்தில் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய வழியில்லையே என்று வெஸ்லி நெடுநாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலம் தேடியது இதையல்லவா என்று அவருக்குப் பட்டது. வகுப்புத் தலைவர்களை எல்லாம் கூப்பிட்டு, பணத்தோடு நடத்தையையும் விசாரித்து வாருங்கள் என்றார். அதே ஆண்டு மார்ச் 25 அன்று லண்டனிலும் நம்பிக்கையான சிலரை வரவழைத்துப் பேசி, அங்கேயும் வகுப்புகளைத் தொடங்கினார்.

வீடு வீடாகப் போவதில் சீக்கிரமே சிக்கல் தெரிந்தது. தலைவர்களும் உழைத்துப் பிழைக்கிறவர்கள். பதினோரு வீடு ஏறி இறங்க நேரமில்லை. வீட்டு வேலைக்காரர்களாக இருந்தவர்களை எஜமானர்கள் பார்க்கவே விடவில்லை. பார்க்க விட்டாலும் தனியே பேச முடியவில்லை. 'அவர் என்னைப் பற்றி இப்படிச் சொன்னாராமே' என்கிற மனத்தாங்கல்களைத் தீர்க்க இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தால்தான் முடியும். எனவே பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுவது என்று மாற்றினார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிறகு தலைவர் தன் வாரம் எப்படிப் போனது என்று முதலில் சொல்லி, ஒவ்வொருவரையும் கேட்பார். அடுத்தவர் பாரம் அப்போதுதான் தங்கள் பாரமாகத் தெரிய ஆரம்பித்தது என்று வெஸ்லியே பின்னாளில் எழுதினார்.

1743-ல் வெஸ்லி சங்கங்களுக்கான பொது விதிகளை அச்சிட்டார். தீங்கு செய்யாதே, முடிந்த நன்மையெல்லாம் செய், ஆராதனையையும் திருவிருந்தையும் விடாதே என்று மூன்று தலைப்புகள். அதிலே வகுப்புத் தலைவரின் வேலை வரிசையாக எழுதியிருக்கிறது. தன் வகுப்பில் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். புத்தி சொல்லவும் கண்டிக்கவும் ஆறுதல் சொல்லவும் வேண்டும். கொடுப்பதை வாங்க வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பதைக் குருவானவரிடம் தெரிவிக்க வேண்டும். வாங்கிய பணத்தைக் கட்டி, யார் எவ்வளவு தந்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணம் எதற்கு என்பதையும் விதி சொல்கிறது: ஏழைகளின் உதவிக்கு. கட்டடக் கடனுக்காகப் புறப்பட்ட பென்னி ஒரே வருஷத்தில் கட்டடத்தை விட்டு ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பென்னிகள் பெருகிய இடத்தில் வேறு வேலைகளும் முளைத்தன. 1746-ல் வெஸ்லி லண்டனில் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கினார். பீரங்கி வார்த்த பழைய உலைக்கூடத்தைச் செப்பனிட்டு 'ஃபவுண்டரி' என்ற பெயரிலேயே சபையாக வைத்திருந்தார். அங்கே நடந்தது அது. அதே ஆண்டில் வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றும் ஏற்பட்டது. ஒருவருக்கு 20 ஷில்லிங்குக்கு மேல் கிடையாது. மூன்று மாதத்துக்குள் வாரத் தவணையில் கட்டிவிட வேண்டும். முப்பது பவுண்டு சொச்சத்தை முதலாக வைத்து ஆரம்பித்த அந்த நிதியால் ஒன்றரை வருஷத்தில் 255 பேர் பயனடைந்தார்கள் என்று வெஸ்லி கணக்கு எழுதி வைத்திருக்கிறார். கந்து வட்டிக்குப் போகாமல் தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் தொழில் பண்ண அது போதுமாயிருந்தது.

உறுப்பினர் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரலளவு அச்சுக் காகிதம். அதில் ஒரு வேத வசனம், கையால் எழுதிய பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெஸ்லியோ அவருடைய உதவிப் பிரசங்கியோ வகுப்பிலுள்ள ஒவ்வொருவரிடமும் பேசிப் புதுச் சீட்டுக் கொடுப்பார். ஒழுங்கு தவறியவருக்குப் புதுச் சீட்டு கிடையாது. சபை நடுவே பெயர் சொல்லி அவமானப்படுத்த வேண்டியதில்லை. பின்னாளைய வகுப்பு ஏடுகளில் வராதவர் பெயருக்கு நேரே வெறும் கோடு போடுவதில்லை. நோயா, வேலையா, ஊருக்குப் போயிருக்கிறாரா, அலட்சியமா என்று தனித்தனி எழுத்துக்குறி உண்டு. வரவில்லை என்பதோடு நிற்காமல் ஏன் வரவில்லை என்று விசாரித்தால் மட்டுமே அந்தக் கட்டத்தை நிரப்ப முடியும்.

இதற்கு இருண்ட பக்கமும் இருந்தது. அக்கறையோடு விசாரிக்கிற கண் அதட்டுகிற கண்ணாக மாற அதிக நேரமாகாது. 1743 மார்ச்சில் நியூகாசில் சங்கத்தை ஆராய்ந்த வெஸ்லி 64 பேரை நீக்கினார். காரணங்களை அவரே பட்டியலிட்டார்: குடிவெறி 17, சாராயம் விற்றது 2, சண்டை சச்சரவு 3, மனைவியை அடித்தது 1, வழக்கமாகப் பொய் சொன்னது 3, சோம்பேறித்தனம் 1, இப்படிப் போகிறது. எல்லாவற்றிலும் பெரிய எண்ணிக்கை 29. அவர்கள் செய்த குற்றம் பொறுப்பில்லாமல் விளையாட்டுத்தனமாக இருந்ததாம். மனைவியை அடித்தவனையும் விளையாட்டுப் பிள்ளையையும் ஒரே ஏட்டில் நீக்கியது இன்றைக்கு உறுத்துகிறது. அதே ஊரில் இன்னும் 76 பேர் தாங்களாகவே விலகிப் போயிருந்தார்கள்.

அன்றைக்கே கேள்வியும் வந்தது. நான் சேர்ந்தபோது இதெல்லாம் இல்லையே என்றார்கள் சிலர். வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்றார்கள் வேறு சிலர். இது தெய்வ கட்டளை என்று வெஸ்லி சாதிக்கவில்லை. வேதத்தில் இதற்கு விரோதமாக ஒன்றுமில்லை, அனுபவத்தில் பயன் தருகிறது, அவ்வளவுதான் என்றார். தலைவருக்குத் தகுதி போதாது என்ற புகாருக்கு, யார் என்று சொல்லுங்கள், மாற்றிவிடலாம் என்றார். தானே ஏற்படுத்திய ஒன்றைப் புனிதமாக்காமல் விட்டது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று.

தகுதி என்றால் அங்கே பட்டமோ குலமோ கிடையாது. பேக்கரியில் வேலை பார்த்தவரும், நெசவாளியும், வீட்டு வேலை செய்த பெண்ணும் தலைவரானார்கள். லண்டன் ஃபவுண்டரியில் ஆரம்ப காலத் தலைவர்களில் பெண்களே அதிகம். பிரசங்க மேடை ஏறப் பெண்ணுக்கு அனுமதியே இல்லாத காலம் அது. 1761 பிப்ரவரியில் டார்பி ஊரில் சாரா கிராஸ்பி என்ற வகுப்புத் தலைவி முப்பது பேரை எதிர்பார்த்துப் போனார். ஏறக்குறைய இருநூறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பேச வழியில்லாமல் எல்லாருக்கும் பொதுவாகப் பேசினார். தவறு செய்துவிட்டேனோ என்று வெஸ்லிக்குக் கடிதம் போட்டார். நீங்கள் எல்லை மீறவில்லை என்று பதில் வந்தது. மெதடிஸ்டுகளின் முதல் பெண் பிரசங்கியாக அவரைச் சொல்வார்கள். பதினோரு பேரை விசாரிக்கிற பொறுப்பைக் கொடுத்தவர்கள், பேசுகிற உரிமையும் கூடவே போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

வெஸ்லி 1791 மார்ச் 2 அன்று இறந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 70,000-க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரும் ஏதோ ஒரு வகுப்பு ஏட்டில் இருந்தது. இயக்கம் நம் பக்கத்துக்கும் வந்தது. 1814 மே 3 அன்று இலங்கைக்கு வரும் வழியில் அவருடைய சீடர் தாமஸ் கோக் கப்பலிலேயே இறந்துபோனார். கூட வந்த வாலிப மிஷனரிகள் ஜூன் கடைசியில் காலித் துறைமுகத்தில் கரையிறங்கி, ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். தமிழ் பேசும் மெதடிஸ்ட் சபைகளின் வேர் அங்கேதான். தென்னிந்தியாவில் இருந்த அந்தச் சபையார் 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தார்கள். இலங்கையில் மெதடிஸ்ட் திருச்சபை தனியாகவே தொடர்கிறது.

வகுப்பு சபைக்கு வெளியேயும் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகள் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள்: சிறு குழு, ஒரு தலைவர், வாரம் ஒரு பென்னி. 1834-ல் இங்கிலாந்தின் டால்படல் கிராமத்தில், கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் வைத்த ஆறு விவசாயக் கூலிகளை, ரகசியப் பிரமாணம் செய்வித்ததாகக் குற்றம் சாட்டி ஏழு வருஷத் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் மெதடிஸ்டுகள். தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் சபையில் பிரசங்கிக்கிறவர். கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கவும் அவர்களுக்குப் பழக்கம் கிடைத்த இடம் எது என்று ஊகிப்பது கடினமல்ல.

பிறந்த இடத்திலேயே அது மெலிந்துபோனது வேறு கதை. சபை வசதியான பிறகு பென்னி பெரிதாகத் தெரியவில்லை. ஆத்துமா எப்படி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது சங்கடமாகத் தெரிந்தது. வாராவாரம் ஒரே சாட்சியை ஒரே வார்த்தையில் சொல்கிற இடமாக வகுப்பு சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஆனால் கானாவில் இன்றும் மெதடிஸ்ட் என்றால் ஒரு வகுப்பில் பெயர் இருக்க வேண்டும். கொரிய மெதடிஸ்டுகள் வாரந்தோறும் வீடுகளில் வகுப்பு கூடுகிறார்கள்.

நம் சபைகளிலும் பகுதி ஜெபக் கூட்டம் இருக்கிறது, சந்தா இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. சந்தா பாக்கி இருந்தால் ஓட்டுப் பட்டியலில் பெயர் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். பாக்கி ஏன் விழுந்தது என்று யார் போய்க் கேட்பது என்பதற்குத்தான் விதி இல்லை. இப்போது காணிக்கையைக் கூகுள் பேயில் அனுப்பிவிடலாம். பணம் ஒழுங்காக வந்து சேர்கிறது, கணக்கும் நேராக இருக்கிறது, யாரும் யார் வாசலுக்கும் போக வேண்டியதில்லை. பிரிஸ்டலில் இந்த வசதி இருந்திருந்தால் கடன் சீக்கிரமே தீர்ந்திருக்கும். வகுப்பு பிறந்திருக்காது.

ஏழைகளை நேசியுங்கள் என்று சொன்னவர்கள் ஃபாய்க்கு முன்னும் பின்னும் ஏராளம். அவர் செய்தது, அந்த நேசத்துக்கு ஒரு எண்ணிக்கை போட்டதும், குறைகிற காசுக்குத் தன் பெயரை எழுதிக்கொண்டதும்தான். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். பதினோரு பேருக்கு மட்டும் என்றால் தப்பிக்க முடியாது. 'பொது நிதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று தீர்மானம் எழுதி எழும்புகிற கமிட்டிக் கூட்டங்களில், எழும்புவதற்கு முன்னால் அந்தப் பதினோரு பெயரை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒருவர் கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குக் கை தூக்குகிறவர் எண்ணிக்கையை வைத்தே ஒரு சபையை எடை போட்டுவிடலாம்.